சூட்டுக்குக் கணக்கு உண்டு

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்பின்னிங் மில்லிலிருந்து வந்த அந்த மோட்டார் டிரைவில், கேட் டிரைவர் சப்ளையின் 7815 ரெகுலேட்டர் தொட முடியாதபடி சுடுகிறது, புதிதாக மாற்றினாலும் சுடுகிறது, பெரிய ஹீட் சிங்க் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்குப் போடாதே. சுடுகிற உறுப்பு பெரும்பாலும் யாரோ இழுக்கும் கரண்ட்டைச் சுமந்துகொண்டிருக்கும். அந்த யாரோவைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை. அதற்கு முதலில் பேனாவை எடு, அப்புறம் சால்டரிங் அயர்னை எடுக்கலாம்.

உன் போர்டில் கீழ்ப்பக்கத்து மூன்று ஐஜிபிடிகளும் ஒரே 15 வோல்ட்டில் ஓடுகின்றன. ஒரு கேட்டின் சார்ஜ் 500 நானோகூலும், ஸ்விட்சிங் 10 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள். இரண்டையும் பெருக்கினால் கேட்டுக்கு 5 மில்லி ஆம்பியர், மூன்றுக்கும் 15. டிரைவர் ஐசிகள் குடிப்பதையும் சேர்த்துத் தாராளமாக 50 என்று போடு. 24 வோல்ட்டிலிருந்து 15-க்கு இறக்கும்போது ரெகுலேட்டரில் விழுவது 9 வோல்ட். அப்படியானால் அதில் சூடாக மாறுவது 0.45 வாட். ஹீட் சிங்க் இல்லாத 7815 ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். பேனலுக்குள் 45 டிகிரி இருந்தாலும் உள்ளே 74-ஐத் தாண்டக்கூடாது. அதே ரெகுலேட்டர் 200 மில்லி ஆம்பியர் கொடுத்தால் 1.8 வாட். கணக்குப்படி 162 டிகிரி. அது 125 டிகிரி வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது, தன்னைக் காத்துக்கொள்ள வோல்டேஜை இறக்கிவிடும். கேட்டுக்கு 15 வோல்ட் வராவிட்டால் ஐஜிபிடி முழுதாகத் திறக்காமல் தானே காய்ந்து வெடிக்கும். சின்ன ரெகுலேட்டரின் சூட்டை அலட்சியம் செய்தால் பெரிய மாட்யூலுக்கே செலவு வைக்கும்.

இனி அளப்பது எப்படி என்று சொல்கிறேன். 415 வோல்ட் மெயினைத் துண்டி. டிசி பஸ் கெபாசிட்டர்களில் ஏறத்தாழ 580 வோல்ட் நிற்கும். அது இறங்கியதை மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதே. பிறகு கரண்ட் லிமிட் வைத்த பெஞ்ச் சப்ளையிலிருந்து 24 வோல்ட் மட்டும் கொடு. பல்ஸ் இல்லாமலேயே கரண்ட் அதிகமாக இருந்தால் கசிவு போர்டிலேயே இருக்கிறது: பாதி ஷார்ட் ஆன ஜீனரோ, கசியும் கெபாசிட்டரோ, அடிபட்ட டிரைவர் ஐசியோ, கேட் சேதமான ஐஜிபிடியோ. பல்ஸ் கொடுத்தபின் மட்டும் ஏறினால், ஸ்விட்சிங்கை 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8-க்கு மாற்றிப் பார். கேட் சார்ஜுக்கான பங்கு இரட்டிக்கும். அந்தப் பங்கு உன் கணக்கை மீறினால், அசல் மாட்யூலுக்குப் பதில் அதிகச் சார்ஜ் கேட்கும் வேறொன்றை யாரோ பொருத்தியிருக்கலாம்.

சந்தேகம் வந்தால் பக்கத்துச் சேனலைக் கேள். ஆறு சேனலில் ஒன்று கெட்டால் ஐந்து நல்லவை அதே போர்டில் இருக்கின்றன. ஒவ்வொரு கேட்டுக்கும் எமிட்டருக்கும் இடையே ரெசிஸ்டன்ஸை அளந்து எழுதி, ஒப்பிடு. அதைவிட நல்ல சர்க்யூட் டயகிராம் உனக்குக் கிடைக்காது.

மேல்பக்கத்து சேனல்களுக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வழியாகச் சப்ளை வருகிறது. அங்கே டையோடு சுட்டால் அதன் எண்ணைப் பார். யூஎஃப்4007 இருந்த இடத்தில் 1என்4007 போட்டிருப்பார்கள். உருவத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது 50 ஹெர்ட்ஸுக்கானது. பல பத்துக் கிலோஹெர்ட்ஸில் உரிய நேரத்தில் மூடாமல், பின்னோட்டத்தில் காயும். மெயின் கொடுத்து ஓட்டும்போது அந்தச் சேனல்களின் கிரவுண்ட் பஸ் வோல்டேஜோடு ஏறி இறங்கும். சாதாரண ஸ்கோப் புரோபின் கிளிப்பை அங்கே மாட்டவே மாட்டாதே. டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும்.

போர்டில் எல்லாம் சரியாக இருந்தால் மில்லுக்கே போய்ப் பேனலைத் திற. பஞ்சு ஃபில்டரை அடைத்து, ஃபேன் சுற்றியும் காற்று நகராமல் இருக்கும். அதனால் பேனல் சூடேறும்; எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறையப் பாதியாகும். எல்லா டிரைவும் ஒரே மூலையிலிருந்து வந்தால் காற்றைச் சந்தேகி.

மில்லுக்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்துவார், தெரியும். ஸ்பின்னிங் ஃபிரேம் நின்றால் அவருக்கு நூல் நிற்கிறது, ஷிப்டுக்கு வந்தவர்களுக்கு வேலை நிற்கிறது. ஆனால் அதே டிரைவ் அடுத்த மாதம் திரும்பி வருவது அவருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். அவரிடம் மரியாதையாக ஒரு நாள் கேள்.

பைக்காரா மின்சாரம் வந்து நம் கோயம்புத்தூரில் மில்கள் பெருகின. 1937-ல் பீளமேட்டில் மோட்டார் செய்தார்கள். வெளிநாட்டு மோட்டாரைப் பிரித்து, அளந்து, புரிந்துகொண்டு செய்யும் பழக்கம் இந்த ஊரின் சொத்து. உறுப்பை மாற்றத் தெரிந்தவர்கள் காந்திபுரம் முழுக்க இருக்கிறார்கள். ஏன் சுட்டது என்று எண்ணோடு சொல்பவளாக நீ வளர வேண்டும்.

நாளைக்கு அந்த போர்டு பல்ஸ் இல்லாமல் எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து எழுது. அடுத்து எங்கே தேடுவது என்பதை அதை வைத்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
பெரியப்பா