பழைய கேம்பர் வேனுக்கு ஓசூரில் உதிரிபாகம் தேடுவது எப்படி?

பெங்களூரில் யாரோ படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய பழைய டெம்போ டிராவலரை வாங்கி, அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இனிப் பாகம் எங்கே கிடைக்கும் என்ற கவலை வேண்டாம். 1980-இல் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து வண்டிப் பாகம் செய்தே பழகிய ஊர் இது. பெங்களூரு ஜே.சி. ரோடு ஸ்பேர்ஸ் கடைகளும் சுமார் 40 கிலோமீட்டர்தான். தேடும் வரிசை மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் ஆர்.சி. புத்தகத்தையும் வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் எண், தயாரிப்பு மாதம், ஆண்டு எல்லாம் ஒத்துப்போகிறதா? தகடுகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் பம்ப் பழைய மெக்கானிக்கல் வகையா, காமன் ரெயிலா என்பதையும் மெக்கானிக்கிடம் கேட்டு எழுதிவையுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் பல பாகங்கள் வேறு.

அடுத்து வண்டியின் சொந்தபந்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பஜாஜ் டெம்போ 1987-இல் கொண்டுவந்த டிராவலர், மெர்சிடிஸின் டி1 வேனை ஒட்டிச் செய்யப்பட்டது. அந்த நிறுவனம்தான் 2005 முதல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ். பழைய டிராவலரில் இருக்கும் ஓஎம்616 டீசல் இன்ஜின் டிராக்ஸ் ஜீப்புகளிலும் வந்தது. டிராவலருக்கு இல்லை என்று கடைக்காரர் கைவிரித்தால் அங்கேயே நின்று, “டிராக்ஸுக்கு இருக்காண்ணா?” என்று கேளுங்கள். கேஸ்கெட், ஃபில்டர், வாட்டர் பம்ப் போன்ற இன்ஜின் சாமான்கள் அந்த வழியில் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. வாங்குமுன் பழையதோடு வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பேரிங், ஆயில் சீல் இரண்டுக்கும் வண்டிப் பெயரே தேவையில்லை. 6205 என்று பொறித்த பேரிங்கில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25 மி.மீ. ஆயில் சீலில் 35, 52, 7 என்று இருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். சிப்காட் ஆலைகளுக்கு பேரிங் விற்கும் கடைகள் ஓசூரிலேயே இருப்பதால், எண்ணைத் துடைத்துப் படித்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். படம் மட்டும் போதாது.

பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் பார்ட் நம்பர் சொல்லி, அங்கீகரித்த டீலரிடம் ஜி.எஸ்.டி. பில்லோடு புதிதாக வாங்குங்கள். இதில் பேரமே கூடாது. காயலான் கடைக்குப் போவது கதவுக் கைப்பிடி, கண்ணாடி, இருக்கைச் சட்டம் போன்றவற்றுக்கு மட்டும். எங்கும் கிடைக்காத புஷ், பின், ஸ்பேசர் இருந்தால் லேத் பட்டறை. இதில்தான் ஓசூரை மிஞ்ச ஆளில்லை என்பேன். தேய்ந்த புஷ்ஷோடு அது உட்காரும் ஹவுசிங்கையும் ஷாஃப்டையும் கொடுங்கள். தேய்ந்ததை அளந்து செய்தால் புதியதும் தேய்ந்த அளவிலேயே வரும். அசல் என்ன உலோகமோ அதே உலோகத்தைக் கேளுங்கள்.

வீட்டுப் பகுதிக்கு வெளிநாட்டுக் கேம்பர் சாமான்களைத் தேடிப் பணத்தைக் கொட்டுவது வீண். கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர்கள் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்ப்ரேயருக்குள் இருப்பதும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப்தான். விவசாயச் சாமான் கடையில் பம்ப் மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். புதியதாக இருக்க வேண்டும். மருந்து பட்ட பழைய பம்ப் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். புதியதையும் பாத்திரம் கழுவ, குளிக்க மட்டும் வையுங்கள். குடிநீருக்குத் தனிக் கேன். ஜன்னல் ரப்பர் பீடிங்கை பஸ் பாடி சாமான் விற்பவர்கள் மீட்டர் கணக்கில் தருவார்கள். பழையதிலிருந்து விரல் நீளத் துண்டு வெட்டி எடுத்துப்போய் குறுக்குவெட்டைப் பொருத்திப் பாருங்கள். உள்ளே விளக்குக்கும் விசிறிக்கும் ஸ்டார்ட்டிங் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரி வேண்டும். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் வாயு விடும். ஆகவே படுக்கைக்கடியில் மூடிவைக்காமல், வெளியே காற்றுப்போக்கி உள்ள பெட்டியில் வையுங்கள்.

முழு இன்ஜினே மாற்ற வேண்டி வந்தால், பில்லும் பழைய வண்டியின் காகிதங்களும் இல்லாமல் காயலான் கடையில் எடுக்காதீர்கள். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் சிக்குவது நீங்கள். மாற்றிய இன்ஜின் எண் ஆர்.டி.ஓ. மூலம் ஆர்.சி.யில் ஏற வேண்டும். கே.ஏ. பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருப்பதானால் கர்நாடகத்தில் தடையின்மைச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இன்ஜினில் கைவைக்குமுன் எந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் எந்த வேலையை முதலில் முடிப்பது என்று கேட்டுக்கொண்டால், ஒரே எண்ணுக்காக இரண்டு மாநிலத்துக்கும் அலைய வேண்டியிருக்காது.