சைலன்சரையும் படியுங்கள்

தளியிலிருந்து ஓசூருக்கு பஸ் ஏறும் ஐடிஐ மாணவர்களே, இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தால் மட்டும் இனி போதாது. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. லாரி, பஸ் டீசல் இன்ஜின்கள் வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடின் (நாக்ஸ்) வரம்பு, கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.4 கிராமாக இறங்கியது. டீசல் மெக்கானிக்கின் வேலையில் பாதி அன்றே சைலன்சர் பக்கம் போய்விட்டது.

ஓசூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்டையே பாருங்கள். பிஎஸ்-4 காலத்தில் அது இஜிஆரை நம்பியது. புகையில் ஒரு பங்கு மீண்டும் இன்ஜினுக்குள் போகும், எரிசூடு தணியும், நாக்ஸ் குறைவாக உருவாகும். ஆட்ப்ளூ என்ற யூரியா கரைசலை ஊற்றவே வேண்டாம் என்று சொல்லித்தான் வண்டி விற்றார்கள். பிஎஸ்-6-ல் அந்த நிறுவனமும் எஸ்சிஆருக்கு வந்தது. இதில் ஆட்ப்ளூ புகைக்குழாய்ச் சூட்டில் அமோனியாவாகி, வினையூக்கியின் மேல் நாக்ஸை நைட்ரஜனும் நீராவியுமாக மாற்றிவிடும்.

"வண்டி இழுக்கலண்ணா" என்று டிரைவர் வந்து நின்றால், எடுத்த எடுப்பில் டர்போவைக் கழற்றாதீர்கள்; எஸ்சிஆர் கோளாறிலும் இழுவை குறையும். ஸ்கேனரைப் போடுங்கள். வினையூக்கிக்கு முன்னும் பின்னும் உள்ள நாக்ஸ் சென்சார்கள் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டினால் எஸ்சிஆர் வேலை செய்யவில்லை, அல்லது ஒரு சென்சார் பொய் சொல்கிறது. டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் வையுங்கள்: யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். ஆட்ப்ளூ இன்ஜெக்டர் நுனியில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். புது சென்சார் வாங்கச் சொல்வது கடைசி வேலை. அதன் விலையைக் கேட்டால் ஓனர் முகம் மாறிவிடும்.

நம் பக்கம் விவசாய பூமி; வயல் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் என்ன என்று யாராவது கேட்பார்கள். அது வேப்பெண்ணெய் பூசியது, வினையூக்கியைக் கெடுக்கும். மானிய உரத்தை இப்படித் திருப்புவது குற்றமும்கூட.

ஆட்ப்ளூ செலவே வேண்டாம், எஸ்சிஆருக்கு பைபாஸ் போட்டுக் கொடு என்பவர்களும் வருவார்கள். டீசல் வண்டியின் புகைச் சோதனை கரும்புகையைத்தான் அளக்கிறது, நாக்ஸை அளப்பதில்லை. அந்தத் தைரியத்தில் கேட்கிறார்கள். வண்டியை இப்படி மாற்றும் உரிமையாளருக்கு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் கை அதில் வேண்டாம்.

போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையே வந்துவிட்டதே, டீசல் படிப்பு எதற்கு என்கிறீர்களா? அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டும் சரக்கு லாரிகளை ஒருநாள் நின்று பாருங்கள். அப்ரண்டிஸ் சேர்ந்ததும் முதல் வாரமே, எஸ்சிஆர் வேலை நடக்கும் பிரிவில் போடச் சொல்லிக் கேளுங்கள்.