‘ஒத்துக்கல’ – ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதி



இந்த இதழின் நலவாழ்வுப் பாடம் நம்ம எல்லார் வாயிலும் புழங்குகிற ஒரு சொல்லைப் பற்றியது.

குழுக் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் பேச்சு உடம்பு பக்கம் திரும்பும். “சத்து மாத்திரை சாப்பிட்டேன், ஒத்துக்கல, தூக்கிப் போட்டுட்டேன்” என்பார் ஒருவர். “பால் குடிச்சா எனக்கு ஒத்துக்காது” என்பார் இன்னொருவர். “காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க, ஒத்துக்காம மூஞ்சியெல்லாம் வீங்கிப் போச்சு” என்பார் மூன்றாமவர். சொன்ன சொல் ஒன்றுதான். ஆனால் நடந்தது மூன்றும் வேறு வேறு. முதலாவது மாத்திரையின் பக்கவிளைவு. இரண்டாவது உணவு செரிக்காமை. மூன்றாவது மருந்து ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. முதலாவதைச் சமாளித்துக்கொள்ளலாம். இரண்டாவதோடு வாழப் பழகிக்கொள்ளலாம். மூன்றாவது சில சமயம் உயிருக்கே ஆபத்தாக முடியும். மூன்றையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டி வைப்பதால் நமக்கு என்ன நஷ்டம் என்று பார்ப்போம்.

ரத்தம் குறைந்தால்

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. நம்ம குழுவில் 20 பேர் என்றால் பாதிப் பேருக்கு இருக்கலாம் என்று அர்த்தம். இத்தனைக்கும் நம் நாட்டில் அரசாங்கம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க ஆரம்பித்தது 1970-ல். உலக வங்கி உதவியோடு 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் முதலில் நம்ம மதுரை மாவட்டத்தில்தான் காலெடுத்து வைத்தது. ஐம்பது வருசத்துக்கு மேல் மாத்திரை வந்துகொண்டேதான் இருக்கிறது. வந்த மாத்திரை வயிற்றுக்குள் போனதா, அலமாரியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. மூச்சுக் காற்றில் உள்ள பிராணவாயுவை உடம்பு முழுக்கச் சுமந்து போவது அதுதான். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே இறங்கினால் பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் ரத்தமே ஆபத்தாகிவிடும்.

இன்னொரு விஷயம். ஹீமோகுளோபின் கையில் இருக்கும் ரொக்கம் மாதிரி. உடம்பு தனியாக இரும்பைச் சேமித்தும் வைக்கிறது. அது நம்ம குழுச் சேமிப்பு மாதிரி. செலவு கூடினால் முதலில் சேமிப்பு கரையும், ரொக்கம் குறைவது அதற்கு அப்புறம்தான். அதனால் பரிசோதனையில் 12 என்று வந்தாலும் சேமிப்பு காலியாகி, உடம்பு அசதியாகவே இருக்கலாம். சேமிப்பை அளக்க ஃபெரிட்டின் என்ற தனிப் பரிசோதனை இருக்கிறது. அது எல்லா இடத்திலும் கிடைக்காது, எல்லாருக்கும் தேவையும் இல்லை. ஆனால் ரத்த அளவு சரியான பிறகும் சில மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்கிறார்களே, அது இந்தச் சேமிப்பை நிரப்பத்தான்.

படி ஏறினால் இரைப்பு, நாற்று நடும்போது தலைசுற்றல், முடி கொட்டுதல், எந்நேரமும் அசதி – இதெல்லாம் தெரிந்த அடையாளங்கள். அதிகம் பேசாத அடையாளம் ஒன்று உண்டு. பச்சரிசி, திருநீறு, செங்கல் பொடி, சிலேட்டுக் குச்சி இவற்றை ஒளித்து வைத்துத் தின்னத் தோன்றுவது. அரிசி தின்றால் கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும் என்று கேலி பேசி விட்டுவிடுகிறோம். மழை பெய்யுதோ இல்லையோ, அந்தப் பிள்ளைக்கு ரத்தம் பார்க்க வேண்டும். வெட்கப்படுத்தினால் மறைக்கத்தான் செய்வாள்.

இரும்பு எங்கே போகிறது? மாதவிலக்கில் போகிறது. மாதாமாதம் 7 நாளுக்கு மேல் போனாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ அதை ‘உடம்பு வாகு’ என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? அடுத்தடுத்த பிரசவத்தில் போகிறது. கொக்கிப்புழு குடிக்கிறது. வயல் வேலையிலும் வெளிக்குப் போகும்போதும் வெறுங்காலோடு நடந்தால் அந்தப் புழு பாதத்தின் வழியாக ஏறும். அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் மட்டும் அதைச் சாப்பிடக் கூடாது.

மாத்திரை செய்யும் சேட்டை

இப்போது முதல் ‘ஒத்துக்கல’வுக்கு வருவோம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் சிலருக்குக் குமட்டும், வயிறு எரியும், மலம் இறுகும். எல்லாருக்குமே மலம் கறுப்பாகப் போகும். இது எதுவும் அலர்ஜி கிடையாது. உடம்பு உறிஞ்சாமல் மிச்சம் விட்ட இரும்புதான் கறுப்பாக வெளியே வருகிறது. (மாத்திரை சாப்பிடாத நேரத்தில் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போனால் அது வேறு, குடலில் ரத்தக் கசிவாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.)

வெறும் வயிற்றில் போட்டால் நன்றாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் குமட்டலுக்குப் பயந்து நிறுத்துவதை விட, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டு படுத்துவிடுவது மேல். தண்ணீரைக் கூட்டுங்கள், கீரை, வாழைப்பழம், கொய்யா சேருங்கள், மலச்சிக்கல் குறையும். தினமும் போட முடியவில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் உடம்பு நன்றாகவே உறிஞ்சுகிறது என்று சமீப வருசங்களில் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நீங்களாக மாற்ற வேண்டாம். கர்ப்பிணிகள் முக்கியமாக நர்சம்மாவிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

டீ, காபியோடு இந்த மாத்திரையைப் போடவே கூடாது. டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் டீக்கடையில் நின்று மாத்திரையை விழுங்கினால், மாத்திரை வீண். பாலோடும் கூடாது. கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரம் விட வேண்டும். எலுமிச்சம்பழச் சாற்றோடோ, ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டோ போட்டால் கூடுதலாக ஏறும்.

ஒரு எச்சரிக்கை: சிவப்பு மாத்திரை சின்னப் பிள்ளைகள் கண்ணுக்கு மிட்டாய் மாதிரி தெரியும். நாலைந்தை ஒன்றாக விழுங்கினாலே குழந்தைக்கு விஷமாகலாம். எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். மாத்திரையே முடியாதவர்களுக்கும், பிரசவ நாள் நெருங்கிவிட்டவர்களுக்கும் இரும்புச்சத்தை ஊசி மூலம் நரம்பில் ஏற்றுகிறார்கள். அதில் அலர்ஜி வருவது அரிது, ஆனால் வரலாம். அதனால் ஏற்றி முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து ஓடாதீர்கள்.

பாலும் பத்தியமும்

பாலில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கும் சக்தி குழந்தையில் இருப்பது போலப் பெரியவர்களானதும் இருப்பதில்லை. நம்ம தென்னாட்டில் பெரியவர்கள் பலருக்கு இப்படித்தான். பால் குடித்தால் வயிறு உப்புசம், இரைச்சல், பேதி. ஜிகர்தண்டா குடித்துவிட்டு வீடு வருவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு இது புரியும். இது நோயும் இல்லை, அலர்ஜியும் இல்லை. கொஞ்சமாகக் குடித்தால் பலருக்கு ஒன்றும் செய்யாது. தயிரிலும் மோரிலும் அந்தச் சர்க்கரை குறைந்துவிடுவதால் அவை சேரும். இரும்பைப் பொறுத்தவரை பால் இல்லாததால் நஷ்டமே இல்லை. பாலில் இரும்பு மிகக் குறைவு.

நஷ்டம் வேறு இடத்தில் வருகிறது. ஒரு பொருள் ஒத்துக்கவில்லை என்றதும் அதோடு பத்துப் பொருளைச் சேர்த்து ஒதுக்கிவிடுகிறோம். கத்தரிக்காய் சாப்பிட்டு அரித்தால் கருவாடு, முட்டை, கீரை எல்லாமே ‘கரப்பான்’ ஆகிவிடும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று ரசம் சோற்றோடு நிறுத்திவிடுவோம். ரத்தம் போய் வந்திருப்பவளுக்கு அப்போதுதான் ஈரல் வேண்டும், கீரை வேண்டும், முட்டை வேண்டும். பெரியவர்கள் அக்கறையில் சொல்வதுதான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நாம் மாமியாரோடு கொஞ்சம் பேசித்தான் ஆக வேண்டும்.

எந்த உணவு சேரவில்லை என்று தெரிய ஒரு வழி உண்டு. சந்தேகப்படும் ஒன்றை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். தொல்லை நின்றால், திரும்பக் கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கள். உதடு வீங்கியவர்கள், மூச்சுத் திணறியவர்கள் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. கோதுமை ஒத்துக்காத சீலியாக் என்ற நோயில் குடல் புண்ணாகி இரும்பு ஏறாமலே போகும். வட இந்தியாவில் 100-க்கு ஒருவருக்கு இருக்கும் அது நம் பக்கம் 1000-க்கு ஒருவருக்குத்தான். அதனால் பரோட்டா சாப்பிட்டு வயிறு கனத்தவரெல்லாம் அந்த நோய் என்று பயப்பட வேண்டாம்.

ரத்தம் ஊறும் என்று பீட்ரூட்டும் மாதுளையும் வாங்கிக் காசைக் கரைக்கிறோம். நிறம்தான் சிவப்பு, 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. கம்பங்கூழ், கேழ்வரகு, முளைகட்டிய பயறு, கீரை இவற்றோடு புளிப்பான பழமும் சேர வேண்டும். கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலும், மதுரைக் கறிக்கடைகளில் கிடைக்கும் சுவரொட்டியும் இருக்கிறது. அந்த இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். வீட்டில் சுவரொட்டி வாங்கினால் யார் தட்டுக்குப் போகிறது என்பதையும் கவனியுங்கள்.

உயிரோடு விளையாடும் ‘ஒத்துக்கல’

மூன்றாவது இதுதான். மருந்து சாப்பிட்டோ ஊசி போட்டோ சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும், கண், உதடு வீக்கம், தொண்டை அடைப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் அது அலர்ஜி. உடனே 108. வாந்தியும் மூச்சுத் திணறலும் இல்லையென்றால் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போடுவார்கள்; அதுதான் உயிர் காக்கும். மோரும் எலுமிச்சையும் கொடுத்து நேரத்தைக் கடத்தக் கூடாது.

எல்லா அலர்ஜியும் உடனே வராது. சில நாள் கழித்து உடம்பில் சிவப்புப் பொரி வரலாம். அம்மை போட்டிருக்கு என்று வேப்பிலையைக் கட்டி வீட்டோடு இருந்துவிடுவதும் நடக்கிறது. வேப்பிலை இருக்கட்டும், புதிதாக எந்த மாத்திரை சாப்பிட்டோம் என்று யோசித்து டாக்டரிடம் சொல்லுங்கள். வாய், கண், பிறப்புறுப்பில் புண்ணாகித் தோல் உரிந்தால் அது மிக ஆபத்து. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போக வேண்டும்.

பென்சிலின் வகை, சல்ஃபா வகை, வலி மாத்திரைகள், வலிப்பு மாத்திரைகளில் சில ஆகியவை அடிக்கடி அலர்ஜி தருபவை. ஆனால் நமக்கு எது என்று எப்படித் தெரியும்? மெடிக்கலில் “உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்று கேட்கிறோம். அட்டையை வெட்டிக் கொடுக்கிறார்கள், பேர் இருக்கிற பக்கம் கடையிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த முறை டாக்டர் கேட்டால் “மஞ்சக் கலர் மாத்திரைங்க” என்கிறோம். மஞ்சள் கலரில் எத்தனையோ மாத்திரை. அதனால் பேர் தெரிகிற மாதிரி வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். அலர்ஜி வந்தால் அந்த அட்டையைப் பத்திரப்படுத்தி, மருந்தின் பேரை டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். ஓ.பி. சீட்டிலும் கர்ப்பிணிக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் அது இருக்க வேண்டும். ஊசி போடும் முன் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு குழப்பம். சல்ஃபா அலர்ஜி என்று டாக்டர் சொன்னவர்கள், சத்து மாத்திரை அட்டையில் ‘ஃபெரஸ் சல்ஃபேட்’ என்று பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பேர் ஒலிக்கிற விதம்தான் ஒன்று; இரண்டும் வேறு பொருள். சல்ஃபா அலர்ஜி உள்ளவர்களும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடலாம்.

அடுத்த கூட்டத்துக்கு

வரும்போது வீட்டில் கிடக்கும் மாத்திரை அட்டைகளையும், பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கொண்டு வாருங்கள். ஒவ்வொருவரும் “எனக்கு ஒத்துக்கல” என்று சொல்லும் ஒன்றை எடுத்து, அது மூன்றில் எது என்று சேர்ந்து பேசுவோம். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு அட்டையில் உள்ள பேரைப் படித்துச் சொல்லட்டும். குழுப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், விருப்பப்படுகிறவர்களின் பேருக்கு நேரே ரத்த அளவு, பார்த்த தேதி, ஒவ்வாத மருந்தின் பேர் இந்த மூன்றையும் செயலாளர் எழுதி வைக்கலாம். ரத்தம் பார்க்காதவர்கள் கூட்டத்துக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையம் போய்ப் பார்த்துவிடுங்கள். அங்கே காசு கிடையாது.