பழைய மடிக்கணினிக்குப் புத்துயிர்

வல்லம் ஊராட்சி ஒன்றியத்துக் கிராமங்களில், மேல்நிலை வகுப்பு வரை படித்த பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் அரசு மடிக்கணினி ஒன்று இருக்கக் காணலாம். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ், தமிழகம் முழுவதும் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் மாணவர்க்கு வழங்கப்பெற்றன. பெற்ற பிள்ளைகள் படிப்பை முடித்து வேலைக்குச் சென்றுவிட்டனர். கருவியோ பரண்மேல் உறங்குகின்றது. ஏன் என்று கேட்டால், "திறப்பதற்கே கால் மணி நேரம் ஆகிறது, அது எதற்கும் உதவாது" என்பர். அதனைப் பழைய இரும்புக் கடையில் போட எண்ணுவோரும் உண்டு. கடன்பட்டுப் புதியது வாங்க முற்படுவோரும் உண்டு. இவ்விரண்டுக்கும் முன்னர்ச் செய்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு என்பதே நாம் இங்குக் கூற வந்தது.

கருவி மெதுவாவதன் காரணத்தை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை; செஞ்சிக் கோட்டைக்குச் சென்றால் போதும். 2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்ற அக்கோட்டையில், இராஜகிரியின் அடிவாரத்திலும் களஞ்சியம் உண்டு. உச்சியிலும் களஞ்சியம் உண்டு. உச்சியில் உள்ள நெல்லை எடுத்து அடிவாரத்துக் களத்தில் உலர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மூட்டைக்கும் ஏறி இறங்க வேண்டும். களமும் சிறியதாக இருந்துவிட்டால், ஒரு பகுதியை உலர்த்தி, இடம் போதாமையால் மீண்டும் மேலே ஏற்றி, வேறொரு பகுதியைக் கீழே இறக்க வேண்டும். ஆள் எத்துணை வலியவனாயினும் பயன் என்ன?

மடிக்கணினியில் நடப்பதும் இதுவே. வேலை நடைபெறும் களம், ரேம் எனப்படும் நினைவகம். யாவற்றையும் சேமித்து வைக்கும் களஞ்சியம், ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு. திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் தரப்பெற்ற கருவிகள் பலவற்றில் நினைவகம் 2 ஜிகாபைட்டு. வன்தட்டு 320 ஜிகாபைட்டு. அன்றைய மென்பொருளுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய இணையப் பக்கங்கள் சிலவற்றைத் திறந்த உடனேயே அக்களம் நிரம்பிவிடுகின்றது. நிரம்பியதும் கணினி, மிஞ்சியதை வன்தட்டுக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கின்றது. வன்தட்டோ, நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டின்மீது ஒரு முள் ஓடி ஓடித் தேடும் இயந்திரம். ஆகவே வேலை செய்யும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே மிகுதி.

வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால், உச்சியில் இருந்த களஞ்சியம் களத்தருகே வந்துவிடுகின்றது. அதில் சுழலும் தட்டு இல்லை, ஓடும் முள் இல்லை. சிதறிக் கிடக்கும் செய்திகளைத் தேடி எடுப்பதில் அது வன்தட்டைப் போல் நூறு மடங்கினும் விரைவு உடையது. திறக்கச் சில நிமிடங்கள் பிடித்த கருவி ஒரு நிமிடத்துக்குள் திறக்கும். ஒன்று மட்டுமே மாற்றப் பணம் உண்டெனில், 4 ஜிகாபைட்டு நினைவகம் உள்ள கருவிக்கு முதலில் இதனையே மாற்றுக என்போம். 2 ஜிகாபைட்டு மட்டும் உள்ளதாயின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எனினும் வாங்குமுன் நோயை அறிதல் வேண்டும். விண்டோஸ் 10 உள்ள கருவியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், நினைவகமும் வட்டும் நூற்றுக்கு எத்தனை பங்கு நிரம்பி உழைக்கின்றன என்பது தெரியும். வட்டு நூற்றை ஒட்டியே நின்றால் குற்றம் அங்கேதான். இரண்டும் தாழ்ந்திருந்தும் கருவி மந்தமாயின், விசிறியைப் பாருங்கள். நம் பகுதிக் கோடையில், ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த தூசு விசிறியை அடைத்தால் செயலி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு வேண்டுவது துப்புரவும், செயலியின்மேல் புதிதாகத் தடவும் வெப்பக் களிம்புமே. செயலியையே மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். பெரும்பாலான மடிக்கணினிகளில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டது.

நினைவகம் வாங்குவதில் ஏமாற இடம் உண்டு. டி.டி.ஆர். 3 வகைக்கு உரிய இடத்தில் டி.டி.ஆர். 4 நுழையாது, வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். டி.டி.ஆர். 3 வகையிலும், 1.35 வோல்ட்டில் இயங்கும் எல் வகையை மட்டுமே ஏற்கும் கருவிகள் உள. ஆதலால் உள்ளிருக்கும் துண்டைக் கழற்றி எடுத்துச் சென்று, அதன்மீதுள்ள எழுத்தைக் காட்டி வாங்குவதே உத்தமம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு உள்ள கருவிக்கு எத்துணை நினைவகம் சேர்த்தாலும், அப்பதிப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல் பயன்படுத்தாது. இதனை அறியாமல் பணம் செலவிட்டுப் பின் வருந்துவானேன்? மேலும், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகவே விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்ட பின்னரே முடிவு செய்க. நல்ல நிலையிலுள்ள பழைய துண்டாயினும் குற்றமில்லை.

மென்பொருளையும் கவனித்தல் வேண்டும். விண்டோஸ் 7க்கு உரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றன. விண்டோஸ் 10க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. விண்டோஸ் 11ஐ இப்பழைய கருவிகள் முறைப்படி ஏற்கா. பட்டா, சிட்டா நகல் எடுப்பதற்கும், செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லும் மணிலாவும் என்ன விலைக்குப் போயின என்று பார்ப்பதற்கும், கடிதம் எழுதுவதற்கும் லினக்ஸ் போதும். அதற்கு விலையும் இல்லை. சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ், அரசு மடிக்கணினிகளில் முன்னரே இடம்பெற்றிருந்ததைப் பலர் திறந்தும் பார்த்ததில்லை!

திருகாணியைத் தொடுமுன் மூன்று காரியங்கள் செய்க. சான்றிதழ்களையும் நிழற்படங்களையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். மின்னிணைப்பை நீக்கி, மின்கலத்தையும் கழற்ற வேண்டும். பின்பு உலோகம் ஒன்றைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்க வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. கருவியை அவ்வாறே கடைக்குக் கொண்டு செல்க. புதிய சேமிப்பகம் 7 மில்லிமீட்டர் தடிமன் உடையது. பழைய வன்தட்டு பலவும் 9.5 மில்லிமீட்டர். இடைவெளியால் ஆடுமாயின், உடன் வரும் சட்டத்தை ஒட்டினால் போதும். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற இளைஞர் ஒருவர் அரை மணியில் செய்து முடிக்கும் வேலை இது.

ஊராட்சி அலுவலகக் கணினிக்கும் இம்முறையே பொருந்தும். ஆனால் அது பொதுச் சொத்து. மாற்றிய பாகத்தை இருப்புப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். கழற்றிய வன்தட்டைக் கடைக்காரரிடம் விட்டுவிடலாகாது. ஊராரின் ஆதார் எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் அதற்குள் இருக்கலாம். அழித்துவிட்டோம் என்று நினைத்த கோப்புகளையும் மீட்டெடுக்க வழி உண்டு.

வீட்டுக் கருவியிலிருந்து கழற்றிய வன்தட்டு பழுதின்றி இருக்குமாயின் அதனையும் எறிய வேண்டாம். யு.எஸ்.பி. இணைப்புள்ள சிறு கூடு ஒன்றில் செருகினால், நிலப் பத்திரங்களின் படிகளையும் குடும்பப் படங்களையும் சேமிக்கும் இரண்டாவது களஞ்சியமாகிவிடும். பலகையே கெட்டுப்போன கருவிக்கு மட்டும் செலவு செய்யாதீர்கள். அதனைக் குப்பையோடு எரிக்காமல், மின்னணுக் கழிவு பெற்றுக்கொள்ளும் அங்கீகாரம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.