பாறு திரும்புமா?

கேள்வி: வத்திராயிருப்பு மலையடிவாரத்தில் பாறு கழுகுகளைக் கொண்டுவந்து விட்டு, மலைமாட்டுக்காரர்களையே வழிகாட்டிகளாக்கிச் சுற்றுலா நடத்தலாமே?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: பிரான்சில் நடந்திருக்கிறது. செவென் மலைப்பகுதியில் அற்றுப்போன கழுகுகளை 1981இல் திறந்துவிடத் தொடங்கினார்கள். செத்த ஆடுகளை ஆட்டுக்காரர்கள் அதற்கென ஒதுக்கிய இடத்தில் போடுகிறார்கள். கழுகுக்கு இரை, பார்க்க வருகிறவர்களால் ஊருக்கு வருமானம்.

இங்கே முதல் சிக்கல் ஊசி. வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் உடம்பில் இருக்கும்போதே மாடு செத்தால், அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் கெட்டு, சில நாளில் அதுவும் சாகும். கால்நடைக்கு அதைத் தடை செய்தது 2006இல். கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் இரண்டையும் தடுக்க 2023 ஆனது. அதே வலிக்குப் போடக்கூடிய மெலாக்சிகாம் பாறுவைக் கொல்லாது. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை இது. மருந்துக் கடையைச் சரிசெய்யாமல் கூண்டைத் திறப்பது வீண் செலவு.

அடுத்தது மேய்ச்சல். 2021இல் இந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. 2022இல் உயர் நீதிமன்றம் காப்பகங்களுக்குள் மேய்ச்சலைத் தடுத்தது. மலையில் பட்டி போட்டவரை வெளியே நிறுத்திவிட்டு, வழிகாட்டிச் சீருடை தைத்துக் கொடுப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது.

பாறு பார்க்க வேண்டுமென்றால் முதுமலைக்குப் போங்கள். மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் இன்னும் கூடு கட்டுகின்றன. வட்டமிடும்போது திரும்பினால் முதுகின் கீழ்ப்பக்கம் வெள்ளையாகத் தெரியும். அது வெண்முதுகுப் பாறு. வனத்துறை வண்டியிலிருந்தே பாருங்கள். கூட்டருகே போக வேண்டாம்.