சோலைமலையும் சிலம்பாறும்

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கி.மீ. தூரத்தில் விளங்கும் திருமாலிருஞ்சோலைக்கு வரும் ஸேவார்த்திகள், அடிவாரத்தில் ஸ்ரீ ஸுந்தரராஜனை ஸேவித்து, மலையேறி நூபுர கங்கையில் நீராடித் திரும்புவது வழக்கம். இடையிலுள்ள காடு வெறும் வழியாகவே பலருக்கும் தோன்றுகிறது. இத்தலத்தின் திருநாமமோ அக்காட்டையே குறிப்பது. மாலுக்கு உகந்த பெரிய சோலை என்பது அதன் பொருள். வடமொழியாளரும் வனகிரி என்றே வழங்கினர். மரங்களின் செறிவையும் அருவியையும் பலரும் பாடினர்.

உலகளந்த பெருமானின் திருவடியைப் பிரமன் விளக்கியபோது, திருச்சிலம்பில் பட்டுத் தெறித்த நீரே சிலம்பாறு என்பது புராண வரலாறு. நூபுரம் என்றாலும் சிலம்பு என்றாலும் காலணியே. ஆயின் பழந்தமிழில் சிலம்பு என்னும் சொல் மலையையும் குறிக்கும். மலையாறு என்ற பொருளும் அப்பெயரில் அடங்கியிருப்பது ரஸிக்கத்தக்கது.

இம்மலையை நாடியவர் வைணவர் மட்டுமல்லர். கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில் சமண முனிவர்க்கெனக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமி எழுத்துக்களில், அத்தருமம் செய்த மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், கொழு வணிகர் முதலியோர் குறிக்கப்பட்டுள்ளனர். உப்பு விற்றுப் பிழைத்தவனும் துறவியின் படுக்கைக்குப் பொருள் ஈந்தான் என்பது எண்ணி மகிழத்தக்கது. பிற்காலத்தில், சோழன் கொடுமையால் திருக்கண்களை இழந்த கூரத்தாழ்வான் இங்கு எழுந்தருளியிருந்து ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளிச்செய்தார்.

தீர்த்தம் வற்றாதிருக்கும் முறையையும் அறிதல் நன்று. மழைநீரை மரங்களின் வேரும் உதிர்ந்த சருகும் தடுத்து நிறுத்துகின்றன. அந்நீர் மண்ணில் இறங்கிப் பாறை வெடிப்புகளில் தங்கிச் சிறிதுசிறிதாகக் கசிகிறது. காடு அழிந்தால் பெய்த மழை அன்றே அடிவாரம் சேர்ந்துவிடும். கோடையில் ஊற்று இராது. நீராடியவர் களைந்தெறியும் துணியும் பாலிதீன் பையும் அந்நீர்வழியையே அடைக்கின்றன. பிற நீரால் திருமஞ்சனம் செய்தால் உற்சவர் திருமேனி கறுக்கும் என்பது பெரியோர் வழக்காதலின், இத்தீர்த்தத்திற்கு மாற்றாகக் கிணறும் குழாயும் உதவா.

ஐப்பசி வளர்பிறைத் துவாதசியில் தைலக்காப்பு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அந்நாட்களில், நீர் பெருமாளைத் தேடிக் கீழே வருவதில்லை. சுந்தரராஜப் பெருமாளே பல்லக்கில் காட்டுவழியே மலையேறிச் சிலம்பாற்றுக்கு எழுந்தருளித் திருமஞ்சனம் கண்டருளுகிறார்.