துல்லியம் எந்த மோடில் இருக்கிறது?

அன்புள்ள முகிலனுக்கு,

கேனன் எக்ஸ்எல்1, பானசோனிக் டிவிஎக்ஸ்100 என்று பழைய மினிடிவி கேமராக்கள் இரண்டு கைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். இரண்டும் பால் (PAL) முறையில் 720-க்கு 576 என்றுதானே டேப்பில் பதிகின்றன, பிறகு ஏன் ஒன்றின் படம் கூர்மையாகவும் மற்றதன் படம் மெத்தென்றும் இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய்.

720, 576 என்பவை டேப்பில் ஒதுக்கப்பட்ட இடத்தின் அளவு. அந்த இடம் நிரம்பும் அளவுக்கு விவரம் வந்து சேர்கிறதா என்பது வேறு கணக்கு. பெருக்கிப் பார், 4,14,720 புள்ளிகள் வேண்டும். 1997-இல் வந்த எக்ஸ்எல்1-இன் மூன்று சிசிடிகளில் (நிறத்துக்கு ஒன்றாக உள்ள ஒளியுணர் சில்லுகளில்) ஒவ்வொன்றிலும் சுமார் மூன்று லட்சம் பிக்சல்தான். பச்சைக்குரிய சிசிடியை மற்ற இரண்டிலிருந்து இம்மி விலக்கி வைத்து அந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டினார்கள். 2002-இல் வந்த டிவிஎக்ஸ்100-இல் ஒவ்வொரு சிசிடியும் நான்கு லட்சத்தைத் தாண்டியது.

கேமராவுக்குக் கேமரா உள்ள இந்த வித்தியாசத்தைவிட, மோடுக்கு மோடு உள்ள வித்தியாசத்தைத்தான் நீ கவனிக்க வேண்டும். வழக்கமான இன்டர்லேஸ்டு முறையில் நொடிக்கு 50 ஃபீல்டு, அதாவது அரைப்படங்கள். ஒவ்வொரு ஃபீல்டையும் எடுக்கும்போது சிசிடி பக்கத்துப் பக்கத்து வரிகள் இரண்டை ஒன்றாகக் கூட்டித்தான் வெளியே அனுப்புகிறது. முதலில் ஒன்றும் இரண்டும், மூன்றும் நான்கும். அடுத்த ஃபீல்டில் இரண்டும் மூன்றும், நான்கும் ஐந்தும். இதனால் வெளிச்சம் இரட்டிப்பாகக் கிடைக்கிறது, மெல்லிய கிடைக்கோடுகள் தொலைக்காட்சியில் துடிப்பதும் அடங்குகிறது. ஆனால் மேலிருந்து கீழான துல்லியம் கரைந்துபோகிறது. டிவிஎக்ஸ்100-இன் 25 ப்ரோக்ரெசிவ் மோடில் ஒவ்வொரு வரியும் தனித்தனியே படிக்கப்படுகிறது. கூர்மை கூடும், படம் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், இருளும். எக்ஸ்எல்1-இல் உள்ள ஃப்ரேம் மோடைப் பார்த்து ஏமாந்துவிடாதே, அது ப்ரோக்ரெசிவ் அல்ல. இன்டர்லேஸ்டு சிசிடியிலிருந்தே ஒரே நொடித்துணுக்கின் படத்தைக் கோத்துத் தருகிறது. அசைவு அழகாக இருக்கும், துல்லியம் அந்த அளவுக்கு வராது.

16:9 விஷயத்தில் இன்னும் எச்சரிக்கையாக இரு. எக்ஸ்எல்1-இன் சிசிடி 4:3 வடிவம். அகலத்திரை மோடைப் போட்டதும் மேலும் கீழும் வெட்டி, மிஞ்சிய 432 வரிகளை 576-ஆக இழுக்கிறது. கால் பங்கு போயிற்று.

சோதிக்க வேண்டுமென்றால், ஒரு மையத்திலிருந்து விசிறிபோல் நெருங்கி வரும் கோடுகளை வெள்ளைத்தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டு. கேமரா முக்காலியில், ஃபோகஸ் கையால், ஐரிஸ் எஃப்4-க்கும் 5.6-க்கும் நடுவே. தாள் ஃப்ரேமில் ஒரே அளவாக நிற்கட்டும். பிறகு மோடை மட்டும் மாற்றி மாற்றி எடு. ஐரிஸையும் ஃபோகஸையும் தொட்டால் எதனால் மாறியது என்றே தெரியாது. மோடு மாறி வெளிச்சம் குறைந்தால் விளக்கைக் கூட்டிக்கொள். கோடுகள் எங்கே சாம்பலாகக் கலக்கின்றன என்று பார். டிவிஎக்ஸ்100-இன் மெனுவில் செங்குத்து விவரத்துக்கு 'தின்', 'திக்' என இரண்டு இருக்கும். ப்ரோக்ரெசிவில் 'தின்' வைத்தும் ஒருமுறை எடுத்துப் பார்.

இதையெல்லாம் படித்து எக்ஸ்எல்1-ஐ ஒதுக்கிவிடாதே. டேனி பாயிலின் '28 டேஸ் லேட்டர்' பெரும்பாலும் அதில்தான் படமானது. ஆளில்லாத லண்டன் தெருக்களை விடிகாலையில் சட்டென்று எடுத்து முடிக்க, சிறிய கேமராக்கள் பலவற்றை ஒரே நேரத்தில் ஓடவிட முடிந்தது அவர்களுக்குப் பெரிய உதவி. படத்தின் அந்தச் சொரசொரப்பும் கதைக்குப் பொருந்தியது.

உன் குறும்படத்தின் பகல் காட்சிகளை டிவிஎக்ஸ்100-இல் 25 ப்ரோக்ரெசிவில் எடு. இரவுக் காட்சிக்கு விளக்கு போதவில்லையென்றால், கெயினை ஏற்றி இரைச்சலை வரவழைப்பதைவிட இன்டர்லேஸ்டுக்குப் போவது மேல்.

அன்புடன்,
மாமா